மிச்சம் எவ்வளவு? – பாத்திர விளையாட்டில் போரும் கணக்கும்

1

கதை பேசுகிறவர்களுக்குக் கணக்கு என்றாலே ஓர் இளப்பம் உண்டு. எண்ணுவது கணக்குப்பிள்ளையின் வேலை, கதையாடல் என்பது கற்பனையின் களம் என்றொரு பிரிவினை நம் விமர்சனத்துக்குள்ளும் ஓசையில்லாமல் இயங்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிரிவினை எவ்வளவு பொய்யானது என்பதைக் காட்ட இங்கே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டா என்று முகம் சுளிப்பவர்கள், பண்பாடு விளையாட்டாகவே உருக்கொள்கிறது என்று 'ஹோமோ லூடன்ஸ்' (1938) நூலில் வாதிட்ட ஹொய்சிங்காவை நினைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

விளையாட்டு இது: மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம், வீரன், மந்திரவாதி, திருடன் என்று. பாத்திரத்தின் பலமும் உடைமையும் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் மட்டும் பாத்திரம் எதையும் எடுக்காமல், உலகத்தையும் எதிரிகளையும் நடத்துகிறார். 'நான் பாலத்தைத் தாண்டி ஓடுறேன்' என்று ஆடுபவர் சொன்னால், அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் நண்பர்கள் மூவரும் நானும் இன்னொருவரும் ஷிப்ட் ஒத்துவருகிற ஞாயிறுகளில் இதை ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்துபவருக்கு எங்கள் மேசையில் கட்டியங்காரன் என்று பெயர். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றாது.

ரோஜே கய்வா விளையாட்டுகளைப் பற்றி 1958இல் எழுதிய நூலில் ஒரு முக்கியமான கோட்டைப் போடுகிறார். விளையாட்டு ஒன்று விதியால் ஆனது, அல்லது பாவனையால் ஆனது. இரண்டும் சேர்ந்து ஆனதல்ல என்கிறார். சதுரங்கத்துக்கு விதி உண்டு, பாவனை தேவையில்லை. குழந்தைகள் கூட்டாஞ்சோறு ஆக்கும்போது பாவனை உண்டு, விதி இல்லை. பாத்திர விளையாட்டு இந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் போர்க்காட்சிகளில் பாவனையும் விதியும் ஒன்றையொன்று தொடுமிடம் எது? தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்படும் எண்தான்.

2

அந்த எண்களில் முதலாவது உயிர்ப்புள்ளி. அடி விழுந்தால் குறையும், சுழியத்தைத் தொட்டால் பாத்திரம் சாய்ந்துவிடும். இது வந்த வழி சுவாரசியமானது. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' (1971) என்ற பொம்மைப் படைப்போர் விதிகளில் சாதாரணச் சிப்பாய்க்கு ஒரே அடி, ஆள் காலி. படையாக ஆடும்போது அது சரி. ஒருவன் போனால் அடுத்தவன் இருக்கிறான். ஆனால் ஆர்னெசனின் குழுவில் ஒவ்வொருவரும் ஒரே ஓர் ஆளை வைத்துக்கொண்டு வாராவாரம் ஆட ஆரம்பித்ததும் அந்த ஆளின் மேல் பற்று வந்துவிட்டது. ஒரே வெட்டில் சாகவிட யாருக்கும் மனமில்லை. கப்பற்போர் விளையாட்டு விதிகளிலிருந்து இந்த முறையை எடுத்துக்கொண்டதாக ஆர்னெசனே சொல்லியிருக்கிறார். கப்பல் ஒரே குண்டில் மூழ்காது. இத்தனை அடி தாங்கும் என்று கணக்கு உண்டு. மனித உடல் கப்பலாக வாசிக்கப்பட்டது. ஒரு பாத்திரத்தின் மீது அக்கறை பிறந்த இடத்தில்தான் கணக்கும் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் மரபில் புண் எண்ணப்படவில்லையா? திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் ஒரு வீரன் தன் வாழ்நாளை எடுத்துவைத்து எண்ணுகிறான். விழுப்புண் படாத நாளையெல்லாம் வீணான நாள் என்று தள்ளுகிறான். அங்கே புண் வரவு, இங்கே புண் செலவு. எண்ணுகிற செயல் ஒன்றாக இருக்க, எதை எண்ணுவது என்பதில் இரண்டு கருத்தியல்கள் எதிரெதிராக நிற்கின்றன.

3

உயிர்ப்புள்ளி மட்டுமே கணக்கு என்றால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை. போரில் ஒரு பாத்திரத்திடம் இருப்பவை பலவகைப்பட்டவை. இதற்குக் கர்ணனைவிட நல்ல பாடம் கிடையாது. திருவள்ளூர்ப் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கர்ணன் கதையை ஒரு செலவுக் கணக்காகப் படித்துப் பாருங்கள்.

பிறவியிலேயே வந்த கவச குண்டலம், இந்திரன் கேட்டுப் போயிற்று. அது நிரந்தர உடைமை. இருக்கும்வரை எண்ணவே வேண்டாம், போனால் போனதுதான். இந்திரன் கொடுத்த சக்தி வேல் ஒரே தடவைக்கு மட்டும். அர்ச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்ததைப் பதினான்காம் நாள் இரவில் கடோற்கசன் மேல் விட்டாக வேண்டியதாயிற்று. நாகாஸ்திரம் வேறு வகை: தாய்க்குக் கொடுத்த வாக்கால் கட்டுண்டது. அது மறுபடி ஏவச் சொல்லிக் கேட்டும் அவன் ஏவவில்லை. கடைசியாகப் புண்ணியம். வில்லிபாரதத்தில் அம்புகள் தைத்தும் அவன் உயிர் போகவில்லை. அவன் செய்த தருமம் காத்து நிற்கிறது. கண்ணன் வேதியனாய் வந்து அந்தப் புண்ணியத்தையே தானமாகக் கேட்கிறான். இவன் தன் குருதியையே நீராக வார்த்துக் கொடுக்கிறான். அதற்குப் பிறகுதான் மரணம்.

நிரந்தரமானது, ஒருமுறைக்கானது, நிபந்தனைக்குட்பட்டது, கண்ணுக்குத் தெரியாதது: பாத்திர விளையாட்டின் வளங்கள் எல்லாம் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் அல்லது இவற்றின் கலவையில் அடங்கும். ஜாக் வான்ஸின் 'தி டையிங் எர்த்' (1950) கதைகளில் மந்திரவாதி சில மந்திரங்களை மட்டுமே மனத்தில் ஏற்றிக்கொள்ள முடியும். சொன்னதும் அது நினைவிலிருந்து நீங்கிவிடும். 1974இன் ஆட்டம் இதைத்தான் விதியாக்கியது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு முதல் படியில் நான்கு, இரண்டாம் படியில் மூன்று, மூன்றாம் படியில் இரண்டு என்று மந்திரம் செலவழிக்க இடம் உண்டு. வீரன் சண்டைக்கு நடுவே ஒருமுறை மூச்சு வாங்கிக் கொஞ்சம் உயிர்ப்புள்ளி மீட்கலாம். மறுபடி வேண்டுமென்றால் ஓய்வெடுத்தாக வேண்டும். எய்த அம்பில் பாதியைச் சண்டை முடிந்து தேடி எடுத்துக்கொள்ளலாம். சுழியத்துக்கு விழுந்தவன் உடனே சாவதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும்: பத்துக்குக் கீழே மூன்று தடவை விழுந்தால் சாவு, பத்தும் மேலும் மூன்று தடவை விழுந்தால் பிழைப்பு. அந்த மூன்றுக்கும் தனிக் கணக்கு.

ஆக, 'இப்போது வேலை எறியட்டுமா, வைத்திருக்கட்டுமா' என்ற கேள்விக்கு உயிர் கொடுப்பது மிச்சம் எவ்வளவு என்ற அறிவு. தீராத அம்பறாத்தூணி வைத்திருப்பவனுக்குத் தீர்மானம் என்று ஒன்று கிடையாது.

4

சரி, இத்தனையையும் சண்டை நடக்கும்போது எப்படி வைத்துக்கொள்வது? எங்கள் மேசையில் நிலைத்துப்போன சில வழக்கங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ஆடுபவர் மிச்சத்தை எழுத வேண்டும், நடத்துபவர் பட்டதை எழுத வேண்டும். 38 உள்ளவனுக்கு 7 பட்டால் அவன் தாளில் 31. அரக்கனுக்கோ பட்ட அடியைக் கூட்டிக்கொண்டே போவது: 9, 15, 26. கழிப்பதைவிடக் கூட்டுவது வேகம். ஐந்தாறு எதிரிகளை ஒரே ஆள் நடத்தும்போது இந்த வேகம் தேவை. ஆடுபவருக்கு வேகத்தைவிட, இன்னும் எத்தனை அடி தாங்குவேன் என்பது கண்முன் நிற்க வேண்டும்.

இரண்டு, ரப்பர் கூடாது. பழைய எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுவது. ஹைடெக்கரிடமிருந்து தெரிதா எடுத்துக்கொண்ட அடித்தெழுதும் முறை இங்கே வெறும் பயன்பாட்டுக் காரணத்துக்காகவே வந்துவிடுகிறது: அடிக்கப்பட்டது வாசிக்கக் கிடைக்கிறது. 'போன ரவுண்டுல எனக்கு எவ்ளோ இருந்துச்சு' என்று தகராறு வந்தால் தாளே சாட்சி.

மூன்று, செலவழிகிறவற்றை எழுதாமல் பொருளாக வைப்பது. மந்திரத்துக்கு எங்களிடம் பல்லாங்குழி இருக்கிறது. முதல் குழியில் நான்கு புளியங்கொட்டை, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் இரண்டு. மந்திரம் சொன்னால் அந்தக் குழியிலிருந்து ஒரு கொட்டை எதிர்வரிசைக் குழிக்குப் போகும். ஓய்வெடுத்தால் திரும்பி வரும். எட்டிப் பார்த்தாலே மந்திரவாதியின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். ஒருமுறைக்கான வித்தைகளுக்குச் சோழி: நிமிர்ந்திருந்தால் இருக்கிறது, கவிழ்ந்திருந்தால் தீர்ந்தது. அம்புக்குத் தீக்குச்சி, எய்ததை எய்த பக்கமே போட்டுவிட்டால் பாதி பொறுக்குவதும் சுலபம்.

நான்கு, மாறினவுடன் வாய்விட்டுச் சொல்வது. 'பதினாலு பட்டுச்சு, பதினேழு இருக்கு' என்று அவரவர் முறையிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம் எழுதிக்கிறேன் என்றால் கணக்கு நிச்சயம் கோணும்.

எண்ணவே பிடிக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. டேவிட் பிளாக்கின் 'தி பிளாக் ஹேக்' (2016) அம்பையும் பந்தத்தையும் எண்ணுவதில்லை. பயன்படுத்தியதும் அதற்கான பகடையை உருட்டுகிறார்கள். 1 அல்லது 2 விழுந்தால் எட்டுமுகப் பகடை ஆறுமுகமாகும், ஆறு நான்காகும், நான்கிலும் அப்படி விழுந்தால் தீர்ந்தது. எண்ணிக்கை போய் அந்த இடத்தில் தற்செயல் வந்திருக்கிறது. ஆனாலும் பகடை மேசைமேல் எல்லோர் கண்ணிலும் உருள்கிறது. அதனால் அதை ஏற்கலாம்.

5

எல்லோர் கண்ணிலும் என்பதுதான் பிரச்சினையின் மையம். கர்ணன் கதையில் எல்லாருடைய கணக்கும் தெரிந்தவன் ஒரே ஒருவன், கண்ணன். அவன் ஒரு கட்சிக்குத் தேரும் ஓட்டுகிறான். பாத்திர விளையாட்டின் கட்டியங்காரனும் இதே இடத்தில்தான் இருக்கிறான். எதிரியை ஆடுபவனும் அவன், தீர்ப்பு சொல்பவனும் அவன். அரக்கனுக்கு மொத்தம் எத்தனை புள்ளி என்பது அவனுடைய மறைப்புக்குப் பின்னால் இருக்கிறது. கதை அழகாக முடிய வேண்டுமென்று அந்த எண்ணைச் சத்தமில்லாமல் கூட்டவோ குறைக்கவோ செய்வதை நியாயப்படுத்துகிறவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். ஆடுபவர்களின் மகிழ்ச்சிக்காகத்தானே, யாருக்கு நஷ்டம் என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை எங்கள் மேசையில் ஒரு நண்பர் ஏற்கவே இல்லை. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. கூடுதல் நேர வேலைக்கு இரட்டைக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. எத்தனை மணி நேரம் என்று எழுதுகிற நோட்டு யார் கையில் இருக்கும் என்பது வேறு சங்கதி. அவர் வேலை பார்த்த இடத்தில் அது காண்ட்ராக்டர் பையில் இருந்தது. மாதக் கடைசியில் இவர் சொல்கிற மணிக்கும் நோட்டில் உள்ள மணிக்கும் பொருத்தம் இருக்காது. கேட்டால், 'உனக்கு நல்லதுதான்பா பண்றோம்' என்ற பதில். மறைப்புக்குப் பின்னாலிருந்து கருணை காட்டுகிற கட்டியங்காரனும் இதே வாக்கியத்தைத்தான் பேசுகிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அவர் கொண்டுவந்த விதி இது: சண்டை தொடங்குமுன் அரக்கனின் மொத்தப் புள்ளியைச் சீட்டில் எழுதி மடித்து டம்ளருக்கு அடியில் வைத்துவிட வேண்டும். பட்ட அடியை எல்லோரும் பார்க்கிற மாதிரி சிலேட்டில் கூட்ட வேண்டும். சண்டை முடிந்ததும் சீட்டைப் பிரிக்க வேண்டும். மொத்தம் தெரியாததால் பரபரப்பு கெடவில்லை. மாற்ற முடியாததால் அதிகாரத்துக்கு ஒரு கரை கட்டியாயிற்று.

இந்த விதிக்கு முதல் பலி அவருடைய பாத்திரமே. ஓர் அரக்கனுக்குச் சிலேட்டில் 57 ஏறியிருந்தபோது அவர் ஆள் விழுந்து, பகடை மூன்று முறையும் கைவிட, செத்துப்போனான். பிறகு சீட்டைப் பிரித்தால் 59. இரண்டே புள்ளி. கட்டியங்காரன் நினைத்திருந்தால் பழைய முறையில் யாருக்கும் தெரியாமல் விட்டுக்கொடுத்திருக்கலாம். நண்பர் கொஞ்சநேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ரெண்டுதான். ஆனா எழுதுனது எழுதுனதுதாண்ணா' என்றார். மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் அது. வருத்தம் இருந்தது, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் இல்லை.

கூத்தில் கர்ணன் ஒவ்வோர் ஆண்டும் சாகிறான். அந்தச் சாவு ஏற்கெனவே எழுதப்பட்ட பிரதி. பாத்திர விளையாட்டில் பிரதி முன்கூட்டி இல்லை; ஆட ஆடத்தான் உருவாகிறது. அப்படிப்பட்ட பிரதிக்குள் அதை நடத்துபவனின் விருப்பத்தை மறித்து 'இல்லை' என்று சொல்லக்கூடியவை இரண்டே: மேசைமேல் உருண்ட பகடை, எல்லோரும் பார்க்க எழுதிய எண். ஆசிரியனின் அதிகாரத்தைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த அதிகாரம் எந்த நோட்டில், எந்தத் திரைக்குப் பின்னால் கணக்கு வைத்துக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறோமா? கதைக்கு வெளியே கிடக்கும் உலர்ந்த சமாச்சாரம் என்று கணக்கைத் தள்ளிவிடுவது, நோட்டு வைத்திருப்பவனுக்குச் செய்கிற உதவி என்றே எனக்குப் படுகிறது.