தொட்டால் உரியும் தோலுக்கு ஒரு கெரட்டின் ஜெல்

பிறந்த சில நாட்களிலேயே சில குழந்தைகளுக்குக் கையிலும் காலிலும் கொப்புளம் கிளம்பும். தூக்கிய இடத்தில் தோல் உரியும். துணி உரசிய இடம் புண்ணாகும். சூடு பட்டதா, பூச்சி கடித்ததா என்று வீடே குழம்பிப்போகும். இது எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்னும் பிறவிக் கோளாறாக இருக்கலாம். மிக அரிது, யாருக்கும் தொற்றாது.

தோல் ஏன் தாங்குவதில்லை?

மேல்தோல் செல்களுக்குள் கெரட்டின் என்ற புரதம் இழைகளாக ஓடி, இழுப்பையும் உரசலையும் தாங்குகிறது. கெரட்டின் 5 அல்லது 14-க்கான மரபணு பழுதானால் செல்லே கிழிந்து, அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. இது ‘சிம்ப்ளெக்ஸ்’ வகை. இந்தத் தொடர்பு 1991இல்தான் தெரியவந்தது. ‘டிஸ்ட்ரோஃபிக்’ வகையில், மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் 7ஆம் வகைக் கொலாஜன் பழுதாகிறது. புண் ஆழமாக இறங்கித் தழும்பாகும். கடுமையானால் விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

டிஸ்ட்ரோஃபிக் வகையின் கடுமையான வடிவம் பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும்போது உண்டாகிறது. சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுதல். பெற்றோர்மீது பழிபோட இதைச் சொல்லவில்லை. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆட்டு ரோமத்திலிருந்து வந்த ஜெல்

செம்மறியாட்டு ரோமத்தில் பெரும்பகுதி கெரட்டின்தான். கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் அது தண்ணீரில் கரையாது. அந்தப் பிணைப்பைப் பக்குவமாகத் தளர்த்திப் புரதத்தைப் பிரித்தெடுத்து, நியூசிலாந்தில் ஜெல்லாக்கினார்கள்.

பூசிய கெரட்டின் நம் செல்லுக்குள் புகுந்து, பழுதான இழையின் இடத்தில் உட்காருவதில்லை. வழக்கமாகக் காயம் பட்டதும் விளிம்பிலுள்ள செல்கள் கெரட்டின் 6, 16, 17 ஆகியவற்றை உண்டாக்கிக்கொண்டு, புண்ணை மூட நகர ஆரம்பிக்கும். ஜெல் அவற்றை அந்த நிலைக்கு உசுப்பிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆகவே மரபணுக் கோளாறு அப்படியேதான் இருக்கும். புண் மூடுவதற்கு ஓர் உதவி கிடைக்கிறது, அவ்வளவே. சிலருக்குப் புண் சீக்கிரம் ஆறியது, ஆறிய தோலும் உரசலைச் சற்றுத் தாங்கியது. சிலருக்கு மாற்றமே இல்லை. இந்த நோயில் நடந்த ஆய்வுகளும் மிகச் சிலரை வைத்தே நடந்தன. எனவே, ‘குணமாக்கும்’ என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் 2023இல் ஒப்புதல் பெற்ற வைஜுவெக் ஜெல் வேறு வகை. அது கொலாஜன் மரபணுவையே புண்ணுக்குள் கொண்டுசேர்க்கிறது.

அன்றாடப் பராமரிப்பு

எந்த ஜெல்லையும்விடக் கட்டு மாற்றும் கை முக்கியம். புண்ணைக் கழுவி, மருத்துவர் சொன்னால் ஜெல்லை மெல்லியதாகப் பூசி, மேலே ஒட்டாத சிலிகான் கட்டு வைக்க வேண்டும். சாதாரண பிளாஸ்திரி வேண்டவே வேண்டாம். உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். காய்ந்து ஒட்டிய கட்டை இழுக்காமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு எடுங்கள். மஞ்சள், காபித்தூள், பற்பசை எதையும் அப்ப வேண்டாம்.

கொப்புளத்தை உடைக்கக் கூடாது என்ற பொது அறிவுரை இங்கே பொருந்தாது. விட்டுவைத்தால் பரவிக்கொண்டே போகும். சுத்தமான ஊசியால் துளைத்து நீரை வடித்துவிட்டு, மேல்தோலை அப்படியே விட வேண்டும். முதலில் செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். பிட்டத்தின் கீழ் ஒரு கை, தலைக்கும் கழுத்துக்கும் பின்னால் மறு கை. சட்டையின் தையல் உறுத்தினால் உட்புறத்தை வெளியே திருப்பிப் போடுங்கள்.

அழகு நிலையத்தில் முடிக்குச் செய்யும் ‘கெரட்டின் ட்ரீட்மென்ட்’டுக்கும் இந்த ஜெல்லுக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கலவைகள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு வெளிப்படும். புண்பட்ட தோலின் பக்கமே அவை வரக் கூடாது.

உடனே காட்ட வேண்டியவை

சீழ், நாற்றம், காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பு இவை தொற்றின் அடையாளங்கள். இன்னொன்று இதைவிட முக்கியம்: கடுமையான டிஸ்ட்ரோஃபிக் வகையில் இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடும். வழக்கமாக ஆறும் காலம் கடந்தும் ஆறாமல் தடித்து வளரும் புண்ணின்மேல் ஜெல் பூசிக்கொண்டு காத்திருக்காதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டி, சதைப் பரிசோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள்.