முயலுக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாமா?

மெல்பர்ன், பெர்த், அடிலெய்டு பக்கம் குடியேறிய நம் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் சிலர் இப்போது நகரத்தைவிட்டுத் தள்ளி ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று நிலம் வாங்குகிறார்கள். முதல் வருடம் வீடியோ அழைப்பில் கத்தரிச் செடியையும் கீரைப் பாத்தியையும் பெருமையோடு காட்டுவார்கள். இரண்டாம் வருடம் அதே பாத்தியில் குச்சி மட்டும் நிற்கும். கேட்டால், "ராத்திரியோட ராத்திரியா முயல் வந்து மேஞ்சிட்டுப் போயிடுது" என்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளைக்காரப் பண்ணைக்காரர் அதற்குள் ஒரு யோசனையும் சொல்லியிருப்பார்: "ஒரு .22 வாங்கிக்கொள்."

நமக்கு இது சினிமா வசனம்போல் கேட்கும். துப்பாக்கி என்றால் நம்மில் பலருக்குப் போலீஸ்காரர் இடுப்பில் இருப்பது. பழைய தோட்டத்து ஆட்களுக்கு, காட்டுப்பன்றி சுட வருபவர் தோளில் தொங்கும் இரட்டைக்குழல். ஆஸ்திரேலியக் கிராமப்புறத்தில் அது மண்வெட்டி, மருந்தடிக்கும் பம்பு போல ஒரு பண்ணைச் சாமான். ஆகவே வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சிரித்து மழுப்பாமல் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் முயலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

ஆஸ்திரேலிய மண்ணுக்கு முயல் சொந்தமில்லை. 1859-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், விக்டோரியாவின் வின்செல்சி அருகே பார்வன் பார்க் என்ற இடத்தில் பண்ணை வைத்திருந்த தாமஸ் ஆஸ்டின், வேட்டையாடி மகிழ்வதற்காக இங்கிலாந்திலிருந்து இரண்டு டஜன் முயல்களைக் கப்பலில் வரவழைத்தார். சுடுவதற்கென்றே கொண்டுவரப்பட்ட பிராணி அது என்பதைக் கவனியுங்கள். சுட்டார்கள், சுட்டுக்கொண்டே இருந்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் முயல் கண்டத்தின் மறுகோடிவரை போய்ச் சேர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியா 1907-இல் 1,833 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வேலியைக் கட்டி முடித்தது. அதற்குள் முயல் வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. 1950-இல் மிக்ஸோமா என்ற வைரஸைப் பரப்பினார்கள். கோடிக்கணக்கில் செத்தன, தப்பியவற்றின் வாரிசுகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. 1995-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் சோதனையில் இருந்த கலிசி வைரஸ், ஆட்களுக்குக் காத்திராமல் தானே தப்பி நிலப்பரப்புக்கு வந்தது. 2017-இல் அதன் இன்னொரு வகையை நாடு முழுக்க விட்டார்கள். முயல் இன்னும் இருக்கிறது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இன்றும் வீட்டில் முயல் வளர்ப்பது சட்டவிரோதம். மேஜிக் காட்சி நடத்துவோர், ஆய்வுக்கூடங்கள் போன்ற சிலருக்குத்தான் அனுமதி.

இவ்வளவு பெரிய பட்டாளத்தின் முன்னால் நீங்கள் ஒற்றைத் துப்பாக்கியோடு நிற்கப்போகிறீர்கள்.

.22-ஆ, .17-ஆ?

முயல் வேட்டைக்கு அங்கே வாங்கப்படுவது ரிம்ஃபயர் வகைச் சிறு ரைஃபிள். இந்தத் தோட்டாவில், தீப்பற்ற வைக்கும் மருந்து உறையின் அடிவிளிம்புக்குள் தடவப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும், மருந்து பற்றிக்கொள்ளும். விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் உறையின் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. ரிம்ஃபயர் தோட்டாக்கள் சிறியதாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். நசுங்கிய உறையில் மீண்டும் மருந்து நிரப்பவும் முடியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

இதில் மூத்தது .22 எல்.ஆர். 1887-இல் அமெரிக்காவில் வந்தது. உலகத்தில் அதிகம் சுடப்படும் தோட்டாக்களில் இதுவும் ஒன்று. 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு, விநாடிக்குச் சுமார் 380 மீட்டர் வேகம். இளையது .17 எச்.எம்.ஆர். ஹோர்னடி என்ற அமெரிக்க நிறுவனம், .22 மேக்னம் உறையின் கழுத்தைச் சுருக்கி 2002-இல் கொண்டுவந்தது. குண்டு 1.1 கிராம்தான். ஆனால் வேகம் விநாடிக்கு 775 மீட்டருக்கும் மேல், அதாவது ஒலியைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் இடையில்தான் தடுமாறுகிறார்கள். கடைக்காரரும் இணையக் காணொளிகளும் .17 பக்கம் இழுப்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஐம்பது மீட்டரில் குறி சரிசெய்யப்பட்ட ஒரு .22, நூறு மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும். முயலின் தலையோ சில சென்டிமீட்டர் அகலம். முயல் எண்பது மீட்டரில் நிற்கிறதா, நூறிலா என்று கண்ணால் மதிப்பிடுவதில் வரும் சிறு தவறு, தலையில் பட வேண்டிய குண்டை வயிற்றில் கொண்டுபோய் விடும். .17-இல் நூறு மீட்டர்வரை இந்தக் கவலை அநேகமாக இல்லை. பார்த்த இடத்திலேயே படும்.

ஆனால் ஒரு கிராம் குண்டு காற்றுக்கு அடங்காது. மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் பக்கக் காற்றில், அதாவது மரத்தின் சிறு கிளைகள் அசையும் அளவுக் காற்றில், நூறு மீட்டரில் அது ஒரு கை அகலம் நகர்ந்துவிடும். நியாயமாகச் சொன்னால் .22 இதைவிட அதிகமாகவே நகரும். வித்தியாசம் என்னவென்றால், .22 வைத்திருப்பவர் நூறு மீட்டரில் சுட நினைப்பதே இல்லை. .17 வைத்திருப்பவருக்கு நூற்றைம்பதில் சுடக் கை துறுதுறுக்கும். அடிபட்டுச் சாகாமல் வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும் முயல், இருட்டில் மணிக்கணக்கில் துடிக்கும். பூச்சியோ முயலோ, அழிக்க வேண்டிய பிராணிதான் என்றாலும் அப்படிச் சாகவேண்டியதில்லை. .22-க்கு அறுபது மீட்டர், .17-க்கு நூறு மீட்டர் என்று வரம்பு போட்டுக்கொள்வதே பழகாத கைக்குப் பொருத்தம்.

சத்தமும் ஒரு கணக்கு. ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சானிக் தோட்டாக்கள் .22-இல் கிடைக்கின்றன. ஒன்று விழுந்தால் பக்கத்து முயல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும். .17-இன் சுரீர் சத்தத்துக்கு மேய்ச்சல் வெளியே காலியாகிவிடும், பக்கத்து வீட்டுக் குழந்தையும் எழுந்துவிடும். துப்பாக்கிக்கான சத்தத்தடுப்பான் ஆஸ்திரேலியாவில் பொதுமக்களுக்குப் பொதுவாக அனுமதியில்லை என்பதால் இது சின்ன விஷயமில்லை.

பாதுகாப்பில் தராசு மறுபடி .17 பக்கம் சாய்கிறது. மெதுவாக வரும் ஈயக் குண்டு கல்லிலோ கட்டாந்தரையிலோ பட்டு எகிறி எங்கோ போகும். .22 தோட்டாவின் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் பயணிக்கக்கூடியது. .17-இன் மெல்லிய குண்டு எதில் பட்டாலும் பெரும்பாலும் தூளாகிவிடும். பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல. முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் எந்தத் துப்பாக்கியானாலும் விசையைத் தொடக்கூடாது. அதே தூளாகும் குணம் சமையலுக்கு எதிரி: தலையைத் தவிர வேறெங்கு பட்டாலும் இறைச்சி வீணாகும். முயல் பிரட்டல் கனவில் இருப்பவர்களுக்கு .22-தான் சரி. (அக்கம்பக்கத்தில் யாராவது விஷ இரை வைத்திருந்தால் அந்த ஆசையையும் விட்டுவிடுங்கள்.)

செலவைப் பார்த்தால் .17 தோட்டா ஒன்றுக்கு .22-ஐவிட இரண்டு, மூன்று மடங்கு ஆகும். புதிதாகப் பழகுபவர் முதல் ஆண்டில் அட்டை இலக்கில் நூற்றுக்கணக்கில் சுட்டுப் பழக வேண்டும். விலைக்குப் பயந்து பழகாமல் விட்டால் அதன் விலையை முயல் கொடுக்கும். என்னைக் கேட்டால் முதல் துப்பாக்கி .22-ஆகவே இருக்கட்டும்; ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றிச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் வகை. செக் நாட்டின் சி.இசட். 457 போன்ற மாடலில் பிற்பாடு குழலை மாற்றி .17 ஆக்கிக்கொள்ளவும் வழியுண்டு. நரியும் வருகிறது என்றால் இவை இரண்டுமே போதாது. அதற்கு சென்டர்ஃபயர் வேண்டும், அது வேறு உரிமப் பிரிவு.

பணம் கொடுத்தால் மட்டும் போதாது

1996 ஏப்ரல் 28-ஆம் தேதி டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு அந்நாடு துப்பாக்கிச் சட்டத்தைத் தலைகீழாக மாற்றியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசே விலைகொடுத்து வாங்கி அழித்தது. இன்று ஒரு ரைஃபிள் வேண்டுமென்றால் ஏற்கத்தக்க காரணம் காட்ட வேண்டும். விவசாயம், வேட்டை, இலக்குச் சுடுதல் ஆகியவை காரணங்கள், தற்காப்பு காரணமாகாது. பயிற்சி வகுப்பு, பின்னணிச் சோதனை, முதல் துப்பாக்கிக்கு 28 நாள் காத்திருப்பு, தரையிலோ சுவரிலோ திருகி மாட்டிய இரும்புப் பெட்டி, தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு எல்லாம் உண்டு. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள், .22-ஆகவே இருந்தாலும், சாதாரண உரிமத்தில் கிடைக்காது.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், மாறிக்கொண்டும் இருக்கும். நிரந்தரவாசியாக மட்டும் இருப்பவர்கள், குடியுரிமை பற்றிய நிபந்தனை என்ன என்று மாநிலப் போலீஸிடம் முதலில் கேட்டுவிடுவது உத்தமம். நிலம் உங்களுடையது என்பதாலேயே சுட்டுவிடவும் முடியாது. வீடுகள் நெருங்கிய பகுதி, பக்கத்தில் பொதுச்சாலை என்றால் ஐந்து ஏக்கரில் சுடப் பாதுகாப்பான ஒரு திசைகூட இல்லாமல் போகலாம். துப்பாக்கி, ஸ்கோப், பெட்டி, உரிமம், வகுப்பு என்று கூட்டினால் ஒரு முழு வேலிக்கான காசு வந்துவிடும்.

அந்த வேலிதான் உண்மையில் முதல் பதில். தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் உயரம், கண் நான்கு சென்டிமீட்டருக்கு மிகாத கம்பிவலை. அடிப்பகுதியை 15 சென்டிமீட்டர் வெளிப்பக்கமாக மடித்துத் தரையோடு பதிக்க வேண்டும். தோண்டி நுழையப் பார்க்கும் முயல் அந்த மடிப்பில் தோற்றுப்போகும். கத்தரிப் பாத்திக்கும் பழக்கன்றுகளுக்கும் இது போதும். ஒரு தோட்டாவும் வேண்டாம்.

பெரிய நிலம் வைத்திருப்பவர்களுக்கு வளைகள்தான் பிரச்சினை. ஒரு பெண் முயல் ஏறக்குறைய ஒரு மாதம் சுமந்து ஈன்று, ஈன்ற சில மணி நேரத்திலேயே மீண்டும் சினையாக முடியும். புல் செழித்த ஆண்டில் ஒன்று முப்பதுக்கும் மேல் குட்டி போடும். சனிக்கிழமை மாலை நீங்கள் ஐந்தைச் சுட்டுவிட்டு வந்தால் மீதி முயல்களுக்குப் புல் தாராளமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். அங்குள்ள வேளாண் துறைகள் சொல்லும் வரிசை வேறு: கோடை இறுதியில் எண்ணிக்கை குறைந்திருக்கும்போது விஷ இரை, பிறகு நாய்களைக் கொண்டு மீதியை வளைக்குள் விரட்டி, டிராக்டரில் கட்டிய இரும்புப் பல்லால் வளையை ஆழக் கிழித்து மூடுவது, திறந்த வளைகளுக்குப் புகை. பக்கத்து நிலத்துக்காரரும் அதே வாரத்தில் செய்ய வேண்டும். இல்லையென்றால் அவர் முயல் உங்கள் காலி நிலத்துக்குக் குடிவரும். துப்பாக்கி வருவது கடைசியில், தப்பிய நாலைந்தை மீண்டும் பெருகுமுன் தீர்த்துக்கட்ட. அந்த இடத்தில் அதற்கு இணையான கருவி கிடையாது.

நம் செம்பனைத் தோட்டங்களில் எலி பெருகியபோது யாரும் துப்பாக்கி தூக்கவில்லை என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. கம்பம் நட்டு, பெட்டி கட்டி, கூகை ஆந்தையைக் குடிவைத்தார்கள். ஆந்தை ராத்திரி முழுக்க உழைக்கும். நாம் சனிக்கிழமை மட்டும்தான்.

ஆகவே ஐந்து ஏக்கர்க்காரர் வேலி போடட்டும். ஐம்பது, நூறு ஏக்கரில் ஆடு மாடு வைத்து, வளைகளைக் கிழித்து முடித்தவருக்கு .22 கொடுத்த காசுக்குப் பல ஆண்டு உழைக்கும். ஏக்கர் எதுவும் இல்லாமல், நண்பரின் பண்ணையில் வருடத்துக்கு இரண்டு முறை சுட்டுப் பார்க்கும் ஆசை என்றால், உரிமம் உள்ள ஒரு சுடும் மன்றத்தில் சேர்வதே மலிவு.

கடைசியாக, அங்கே போய் மச்சானோடு பண்ணைக்குச் சென்று திரும்பும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. .22 தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான். ஜாக்கெட் பையில் போட்டது போட்டபடி மறந்துபோகும். ஆஸ்திரேலியப் பண்ணையில் அது ஒன்றுமில்லை, கே.எல்.ஐ.ஏ.யிலும் சாங்கியிலும் உரிமமில்லாத ஒரே ஒரு தோட்டாகூடச் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பெட்டி கட்டுமுன் எல்லாப் பைகளையும் உதறிப் பாருங்கள். பிள்ளைகள் பொறுக்கி வைத்திருக்கும் காலி உறைகளையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.