பழைய பிளாப்பியும் புதிய கிராபிக்ஸ் கார்டும்

நமது மத்தியதரக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் புகுந்து ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் ஆகிறது. முதன் முதலில் வாங்கிய யந்திரம் இப்போது பரணில் ஏறியிருக்கும். அல்லது கூடத்து மூலையில் பழைய வேஷ்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் முகப்பில் தெரியும் சிறு பிளவுதான் பிளாப்பி டிரைவின் வாய். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பத்து இருபது பிளாப்பித் தட்டுகள் கிடக்கும். 'அப்பா கடிதங்கள்', 'கல்யாணச் செலவு', 'கோயில் தல வரலாறு', 'முந்திரி மண்டிக் கணக்கு' என்று அவற்றின்மேல் சீட்டு ஒட்டியிருக்கும். அவற்றைத் திறந்து பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதே வீட்டுப் பிள்ளைகளோ, "கிராபிக்ஸ் கார்டு மாற்றினால்தான் ஆயிற்று" என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவுடன் என் காதில் விழும் சம்பாஷணைகளில் பாதி இதைப் பற்றியதுதான்.

பழைய தட்டுக்கும் புதிய கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. இன்றைய கார்டு அந்தப் பழைய யந்திரத்தில் பொருந்தாது. அதற்காக மதர்போர்டு என்னும் தாய்ப் பலகையையே மாற்ற நேரிடும். பிளாப்பி டிரைவைப் பூட்டுவதற்குரிய 34 முள் இணைப்பு புதிய பலகையில் இராது. பழைய யந்திரத்தையோ கடைக்காரர் விலையில் கழித்துக்கொண்டு எடுத்துப் போய்விடுவார். தட்டு நம்மிடம் தங்கும். அதைப் படிக்கும் வாய் போய்விடும். ஆகையால், முதலில் பிளாப்பியைக் காப்பாற்றுங்கள், பிறகு கார்டைப் பற்றி யோசியுங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

பலாப்பழமும் பிளாப்பியும்

எங்கள் பண்ருட்டிப் பலாப்பழத்துக்கு வெளியே முள். உள்ளே மெத்தென்ற சுளை. பிளாப்பியும் அந்த ஜாதிதான். வெளியே கடினமான உறை. உள்ளே இரும்பு ஆக்ஸைடு பூசிய மெல்லிய பாலியெஸ்டர் வட்டம். ஐ.பி.எம். கம்பெனியார் 1971-ல் எட்டு அங்குலத் தட்டை வெளியிட்டார்கள். 1976-ல் ஐந்தேகால் அங்குலத் தட்டும், 1981-ல் ஸோனி கம்பெனியின் மூன்றரை அங்குலத் தட்டும் வந்தன. நம் வீடுகளில் மிகுதியாகக் கிடப்பது 1987 முதல் பரவிய '1.44 மெகாபைட்' தட்டு.

ஒரு பக்கத்துக்கு 80 தடம், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட். பெருக்கிப் பார்த்தால் 14,74,560 பைட் வரும். இக்காலத்துக் கைப்பேசிப் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. ஆனால் பழைய முறையில் தட்டச்சான தமிழ் எழுத்தாக இருந்தால், பக்கத்துக்கு 2,000 குறி வைத்துக்கொண்டாலும் 700 பக்கத்துக்கு மேல் கொள்ளும். ஒரு பெரியவரின் ஆயுட்கால எழுத்து முழுவதும் ஒரே தட்டில் இருக்கக்கூடும்!

இந்தத் தட்டு நிமிஷத்துக்கு 300 முறை சுழலும்போது டிரைவின் தலை அதன் மேல் உராய்ந்துகொண்டே படிக்கிறது. ஒரு தூசி, ஒரு பூஞ்சைப் புள்ளி இருந்தாலும் போதும், மேற்பூச்சு கீறிவிடும். கடலூர்க் கடற்காற்றும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் பூஞ்சைக்குப் பரம சுகம். காந்தப் பதிவும் வருஷங்கள் செல்லச் செல்ல மங்குகிறது.

டிரைவுக்கும் மூப்பு உண்டு. மசகு உலர்ந்து இறுகும். சில பழைய டிரைவுகளில் ரப்பர் பட்டை தளர்ந்துவிடும். தலை தன் இடத்திலிருந்து மயிரிழை விலகும். அப்படி விலகிய டிரைவில் எழுதிய தட்டை வேறு டிரைவ் படிக்க மறுப்பதுண்டு. எழுதிய டிரைவே படிக்கும். ஆகவே பழைய டிரைவை அவசரப்பட்டு எறிந்துவிடக் கூடாது.

புதிய தட்டு வாங்கலாம் என்றாலோ, ஸோனி கம்பெனி 2011-லேயே விற்பனையை நிறுத்திவிட்டது. விண்ணப்பங்களைப் பிளாப்பியில் தரவேண்டும் என்றிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட விதிகளை வைத்துக்கொண்டிருந்த ஜப்பான் சர்க்கார்கூட 2024-ல் அவற்றை ரத்துச் செய்துவிட்டது.

மீட்கும் முறை

முதலில், தட்டின் உலோக மூடியை விரலால் நகர்த்தி உள்ளே வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டால் டிரைவில் போடக் கூடாது. போட்டால் தலை அழுக்காகி, அடுத்து வரும் நல்ல தட்டையும் கெடுக்கும். அத்தகைய தட்டைத் தனியே வைத்துத் தெரிந்தவரிடம் கொடுப்பதே உசிதம்.

இரண்டாவது, எழுதாதபடி பூட்டுங்கள். மூன்றரை அங்குலத் தட்டில் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தித் துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். ஐந்தேகால் அங்குலத் தட்டில் இதற்கு நேர்மாறு. ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும்.

மூன்றாவது, தட்டைப் போட்டவுடன் 'பார்மேட் செய்யலாமா?' என்று யந்திரம் கேட்டால், 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குத் தலையாட்டி எல்லாவற்றையும் இழந்தவர்கள் அநேகர். ஒரு டிரைவில் படிக்காவிட்டால் மற்றொன்றில் முயலலாம். பழைய யந்திரம் ஓடவில்லையானால், யு.எஸ்.பி.யில் மாட்டும் மூன்றரை அங்குல டிரைவ் இருக்கிறது; இன்றைய விண்டோஸும் அதை ஏற்கும். ஐந்தேகால் அங்குலத்துக்கு அவ்வளவு சுலபமான வழியில்லை. ஓடும் பழைய யந்திரத்தையோ அதற்கென்று விசேஷ சாதனம் வைத்திருப்பவரையோ தேட வேண்டும்.

நான்காவது, மீட்டதை இரண்டு பிரதியாக்கி, ஒன்றை வேற்றூரில் உறவினர் வீட்டில் வையுங்கள். 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இப்பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்ததை நாம் பார்த்தோம். விழுந்த பலாவுக்குப் பதிலாகக் கன்று நடலாம். பேரன் காலத்திலாவது காய்க்கும். அழிந்த எழுத்துக்கு எந்தக் கன்றை நடுவது?

கார்டினால் வந்த எழுத்து

கிராபிக்ஸ் கார்டு என்றால் விளையாட்டுச் சாமான் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். அதன் பூர்வ கதையோ எழுத்தைப் பற்றியது.

1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி.யின் ஒற்றை வர்ணத் திரைக்குரிய கார்டு, தன்னுள் பதித்திருந்த 256 வடிவங்களை மட்டுமே காட்டும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். கீழ்த்திசை மொழிகளுக்கு அதில் இடமே இல்லை. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற வான் சுவன்னுக்குல் என்பவர் தமது ஆராய்ச்சி நூலில் தாய் மொழி எழுத்துக்களை எழுத விரும்பினார். அவ்விருப்பத்திலிருந்து 1982-ல் பிறந்ததுதான் பிரசித்தி பெற்ற 'ஹெர்குலிஸ்' கார்டு. திரையில் 720-க்கு 348 புள்ளிகளையும் தனித்தனியே ஏற்றவும் அணைக்கவும் அதனால் முடிந்தது. புள்ளியை ஆளத் தெரிந்தால் எந்த எழுத்தையும் வரையலாம் அல்லவா?

நமது நாட்டிலும் அதே முயற்சி நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1980-களில் வளர்ந்த 'ஜிஸ்ட்' என்னும் நுட்பத்தை, 1988-ல் பூனாவில் ஏற்பட்ட 'சி-டாக்' ஸ்தாபனம் ஒரு கார்டாகவே செய்து கொடுத்தது. அதை யந்திரத்தில் செருகினால், ஆங்கிலத்துக்கென்றே எழுதப்பட்ட வேர்ட்ஸ்டார் முதலிய புரோகிராம்களும் தமிழ், ஹிந்தி முதலிய நம் லிபிகளைக் காட்டின. அவ்வழியில் உருவான 'இஸ்கி' என்ற சங்கேதத்தை இந்தியத் தர நிர்ணயமாக 1991-ல் ஏற்றார்கள். உலகப் பொதுவான யூனிகோடில் தமிழுக்கு இடம் வகுத்தபோது அஸ்திவாரமாக இருந்ததும் இஸ்கிதான்.

பிறகு விண்டோஸ் வந்து, தனிக் கார்டு இல்லாமலே தமிழ் தெரியலாயிற்று. ஆனால் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு சங்கேதம் வைத்துக்கொண்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ்நெட் 99' மகாநாட்டை ஒட்டி, 'டாம்', 'டாப்' என்ற பொது முறைகள் எழுந்தன. 2010-ல் தமிழக சர்க்கார் யூனிகோடை ஏற்றது. அதற்கு முற்பட்ட தட்டை இன்று திறந்தால், தமிழ் தெரிய வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாகக் கூத்தாடும். அதைக் கண்டு 'கெட்டுப் போயிற்று' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அக்காலத்து எழுத்துருவின் கோப்பையும் தேடிச் சேர்த்து வைத்தால், மாற்றிப் படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், தங்கள் நூல்களை 'திஸ்கி' முறையிலும் பின்னர் யூனிகோடிலும் வெளியிட்டு இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

மகாமகோபாத்தியாய சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த காலத்திலும், சுவடி கிடைப்பது பாதி வேலைதான். புள்ளியில்லாத எழுத்தைப் பொருள் உணர்ந்து படிப்பது மறுபாதி. பிளாப்பியிலும் அப்படியே.

புதிய கார்டு வாங்குமுன்

இனிப் பிள்ளைகளின் கோரிக்கைக்கு வருவோம். கார்டு செருகும் இடம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1992-ல் பி.சி.ஐ., 1997-ல் ஏ.ஜி.பி., 2003-ல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். ஒன்றுக்குரியது மற்றொன்றில் நுழையாது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் உள்ள யந்திரமானால் கார்டை மட்டும் மாற்றலாம்.

அப்போதும் மின்சாரக் கணக்குப் பார்க்க வேண்டும். செருகும் இடம் தருவது 75 வாட்தான். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு ஆறு முள் இணைப்பு இன்னும் 75 வாட்டும், எட்டு முள் இணைப்பு 150 வாட்டும் தரும். யந்திரத்தின் பவர் ஸப்ளை இவ்வளவையும் தாங்குமா, வீட்டு யு.பி.எஸ். தாங்குமா, கார்டின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்று அளந்துவிட்டே பணத்தை எடுக்க வேண்டும்.

பாடம் படிக்கவும், கடிதம் எழுதவும், படம் பார்க்கவும் தனிக் கார்டு அநாவசியம். சில வருஷங்களாக வரும் பிராஸஸர்களில் பெரும்பாலானவற்றில் அந்தச் சக்தி உள்ளேயே அடங்கியிருக்கிறது. படத் தொகுப்பு, சித்திர வேலை, பெரிய விளையாட்டுக்கள் இவற்றுக்குத்தான் தனிக் கார்டு வேண்டும். பிள்ளைக்கு அத்தகைய வேலையில் உண்மையான ஆசை இருந்தால் வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை போடுங்கள். "பரணிலுள்ள பெட்டியை இறக்கு, தாத்தாவின் தட்டுகளைப் பிரதி எடுத்து, எழுத்தை யூனிகோடுக்கு மாற்றிக் காட்டு, அப்புறம் கடைக்குப் போகலாம்" என்று சொல்லுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. கார்டை அடுத்த வருஷமும் வாங்கலாம். தட்டு அதுவரை காத்திருக்கும் என்பதற்கு யாரும் ஜாமீன் நிற்க முடியாது.