லயத்துப் பின்னால் நிற்பது என்ன மரம்?



பதுளை, பசறை, ஹாலி எல, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துப் பின்னால் நாம் நட்ட கொய்யாவும் முருங்கையும் மட்டுமா நிற்கின்றன? குருவி போட்ட விதையில் முளைத்ததும் நிற்கும், வேலிக்கு ஊன்றிய கம்பு தழைத்ததும் நிற்கும். 'அது என்னமோ ஒரு மரம்' என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நாம் கொழுந்து மலையில் இருக்கும் நேரம் அந்த மரத்தடியில் விளையாடுவது நம் பிள்ளைகள்தான்.

முக்கியமாக இரண்டைச் சொல்லுகிறோம்.

ஒன்று காட்டாமணக்கு. சிங்களத்தில் வெட்ட எண்டரு, அதாவது வேலி ஆமணக்கு. அகலமான இலை, மூன்று அல்லது ஐந்து மூலை. காய்க்குள் இரண்டு மூன்று கறுப்பு விதை இருக்கும். பருப்பு கச்சான் மாதிரி ருசிப்பதால் பிள்ளைகள் பங்கு போட்டுத் தின்றுவிடுவார்கள். பிறகு வாந்தி, வயிற்றோட்டம், சோர்வு.

மற்றது மஞ்சள் அலரி. ஒடுங்கிய நீண்ட இலை, புனல் போன்ற மஞ்சள் பூ, ஒடித்தால் வெள்ளைப் பால். பச்சைக் காய் பழுத்தால் கறுக்கும். எல்லாப் பாகமும் நஞ்சு. இருதயத் துடிப்பையே குழப்பிவிடும்.

தெரியாத மரத்தை எப்படி அறிவது? இலைகள் எதிரெதிரே வருகின்றனவா, மாறி மாறி வருகின்றனவா? ஒரு காம்பில் ஒரே இலையா, பல சிற்றிலைகளா? பால் வடிகிறதா? பூ, காய் எப்படி? இவ்வளவையும் பார்க்க வேண்டும். ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஆகவே பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பூ, காயோடு சிறு கொப்பை ஒடித்துப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். 1861 இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கிய ஹக்கல தாவரவியல் பூங்காவிலும் கேட்கலாம். ஒடித்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ருசி பார்த்து அறிய வேண்டாம்.

பிள்ளை எதையாவது தின்றுவிட்டால்:

1. வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்தெடுங்கள்.
2. உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
3. 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும். தாமதமானால் கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
4. தின்ற காயையும் இலையையும் கையோடு கொண்டு போங்கள். எந்த நஞ்சு என்று டொக்டர் அறிய அது பெரிய உதவி.

பிள்ளை 'ஒன்னுமில்ல' என்று சொன்னாலும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சில நஞ்சு சில மணி நேரம் கழித்தே வேலை காட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு லயத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மரத்தையும் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை மடுவத்து வேலியையும் மறக்க வேண்டாம்.