நான்கு பேரும் நூறு பேரும் ஒரே மேடையில்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒருபுறம் விசைப்படகுகளின் டீசல் எஞ்சின்கள் தடதடவென்று அதிர்கின்றன. மறுபுறம் வண்டிகளின் ஹாரன், கூடைகள் உரசும் சத்தம், பேரம் பேசும் கூச்சல். இத்தனைக்கும் நடுவே ஏலம் கூறுபவரின் குரல் மட்டும் தனியாக நம் காதில் வந்து விழுகிறது. அவர் எஞ்சினைவிட உரக்கக் கத்துகிறாரா? அப்படி யாராலும் கத்த முடியாது. எஞ்சின் இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. ஏலக்காரர் தம் குரலை மேலே ஏற்றி, எஞ்சினின் ஆதிக்கம் குறைந்த இடமாகப் பார்த்து அதை நுழைத்துவிடுகிறார். இயற்பியல் படித்து அவர் இதைச் செய்யவில்லை. தொண்டை தானாகவே கற்றுக்கொண்ட வித்தை இது!

இதே வித்தையை, இதைவிடக் கடினமான ஓர் இடத்தில் செய்ய வேண்டியிருந்தால் என்ன ஆகும்? ஒரு மேடையில் மின்கிதாரும் டிரம்ஸும் முழங்கும் 'ஹெவி மெட்டல்' குழுவினர் நால்வர். அதே மேடையில் வயலின், செல்லோ, புல்லாங்குழல், கொம்பு முதலிய கருவிகளோடு சிம்பொனி இசைக்குழுவினர் எண்பது முதல் நூறு பேர். இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். யார் குரல் எடுபடும்? நூறு பேரின் குரல்தானே என்று நீங்கள் நினைத்தால், அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஹெவி மெட்டல் என்பதைக் 'கன உலோகம்' என்று மொழிபெயர்த்தால், எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் ஆய்வாளர்கள் தேடும் ஈயமும் காட்மியமும்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. ஆனாலும் இந்த இசைக்கும் தொழிற்சாலைக்கும் உறவு உண்டு. திருவொற்றியூரைப் போலவே உலோகப் பட்டறைகள் நிறைந்த இங்கிலாந்து நகரமான பர்மிங்ஹாமில் பிறந்த இசை இது. அங்கே தகட்டுப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற 17 வயது இளைஞரின் வலக்கை விரல் நுனிகள் இரண்டு இயந்திரத்தில் சிக்கித் துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். எனவே கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கையே போய்விட்டது போலாயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிற்பாடு தந்திகளைத் தளர்த்தியும் வாசித்தார்.

தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் இருமடி மூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறீர்கள் அல்லவா? அதை இங்கே பொருத்திப் பாருங்கள். மூன்று அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. விரலுக்கு வலி குறைவு. ஒலியும் தாழ்ந்து கனக்கிறது. அயோமியின் 'பிளாக் சபாத்' குழு தன் முதல் இசைத்தட்டை 1970-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு வந்த மூன்றாவது தட்டில் இந்தத் தளர்ந்த தந்திகளின் ஒலியைக் கேட்கலாம்.

வாசிக்காத சுரம்

மின்கிதாரை மின்சாரம் இல்லாமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது. அதன் எஃகுத் தந்திகளுக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது; சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்த நுண்ணிய மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறார்கள்.

மெட்டல் குழுவினர் இங்கே ஒரு குறும்பு செய்கிறார்கள். பெருக்கியின் திறனுக்கு மேல் அதை வேண்டுமென்றே முடுக்குகிறார்கள். அலையின் முகடும் அகடும் கத்தரித்தது போல் வெட்டுண்டு போகின்றன. இப்படி வெட்டுண்ட அலையில் மூல அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று ஏராளமான மேற்சுரங்கள் புதிதாக முளைக்கின்றன. உறுமலும் கரகரப்பும் இப்படித்தான் வருகின்றன.

ஸட்ஜமும் பஞ்சமமும், அதாவது 'ச'வும் 'ப'வும் சேர்த்து மீட்டினால் இன்னொரு வேடிக்கை நிகழ்கிறது. 'ச' 110 ஹெர்ட்ஸ் என்றால் 'ப' 165 ஹெர்ட்ஸ். திரிந்த பெருக்கியில் இவ்விரண்டின் வேறுபாடான 55 ஹெர்ட்ஸும் பிறக்கிறது. அது 110-இல் பாதி. கீழ் ஸ்தாயி ஸட்ஜம்! யாரும் வாசிக்காத சுரம் அடியில் நின்று ஒலிக்கிறது. மேலே மேற்சுரங்கள், கீழே இந்த விருந்தாளிச் சுரம். ஒரே ஒரு கிதார் காதின் பெரும்பரப்பை அடைத்துக்கொள்கிறது. ஏலக்காரருக்குக் கிடைத்தது போன்ற இடைவெளி வயலினுக்கு இங்கே எளிதில் கிடைப்பதில்லை.

மூவாயிரம் வயலின்கள்

இப்போது கணக்கு. ஒலிச்செறிவை டெசிபல் என்ற அலகில் அளக்கிறோம். இது மடக்கை அளவு. செறிவு 10 மடங்கானால் 10 டெசிபல் கூடும். 100 மடங்கானால் 20 கூடும். இரு மடங்கானால் 3 மட்டுமே கூடும்.

ஒரு வயலின் குறிப்பிட்ட தொலைவில் 75 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வயலின்கள் 85 தரும். நூறு வயலின்கள் 95 தரும். அதே தொலைவில் மெட்டல் குழுவின் பெருக்கி 110 டெசிபல் தந்தால், அதை எட்ட எத்தனை வயலின்கள் தேவை? வேறுபாடு 35 டெசிபல். மூவாயிரத்துக்கு மேல்! நம் காதும் இந்தக் கணக்கில் கருமிதான். 10 டெசிபல் கூடினால் 'ஏறத்தாழ இரு மடங்கு உரக்க இருக்கிறது' என்றுதான் அது சொல்லும். பத்து வயலின்கள் ஒரு வயலினைப் போல் இரு மடங்கே உரத்துக் கேட்கும் என்று பொருள். ஆள் பலத்தால் வெல்ல முடியாத போட்டி இது.

தெரிந்தேதான் இதில் இறங்கினார்கள். 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் 'டீப் பர்ப்பிள்' என்ற ராக் குழுவும் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவும் ஒன்றாக வாசித்தன. இசையமைத்தவர் அந்தக் குழுவின் ஜான் லார்ட்; இசைக்குழுவை நடத்தியவர் மால்கம் ஆர்னால்ட். முதல் பகுதியில் இரு தரப்பும் எதிரெதிராக நின்று வழக்காடுவது போல் அமைத்திருந்தார் லார்ட். ஒருவர் முழங்கும்போது மற்றவர் பெரும்பாலும் காத்திருக்கலாம். ஒலிச் சிக்கலுக்கு இது ஒரு சாமர்த்தியமான விடை என்பேன்.

1999 ஏப்ரல் 21, 22 தேதிகளில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 'மெட்டாலிக்கா' குழுவின் நால்வரும் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியும் சேர்ந்தது இதைவிடத் துணிச்சலானது. குழுவின் பழைய பாடல்களின் மேலேயே, அவை முழங்கிக்கொண்டிருக்கும்போதே, இசைக்குழுவுக்கான பகுதிகளை மைக்கேல் கேமன் எழுதி, தாமே நடத்தினார். 2019 செப்டம்பரில் இரு குழுக்களும் சான் பிரான்சிஸ்கோவில் மீண்டும் சேர்ந்தன.

இப்படிப்பட்ட மேடைகளில் வயலின்களைக் காப்பாற்றுவது எப்படி? ஒவ்வொரு கருவியிலும் சிறு மைக்கைப் பொருத்துகிறார்கள். ஆனால் வயலினின் மைக்குக்கு டிரம்ஸ் ஒலியும் கேட்குமே! எனவே டிரம்ஸைச் சுற்றி ஒளி ஊடுருவும் தடுப்புகளை நிறுத்துவது உண்டு. மைக் கருவிக்கு மிக அருகில் இருப்பதும் அவசியம். தொலைவில் இருந்தால் பெருக்கத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். அப்போது ஒலிபெருக்கியின் ஒலி மைக்கில் புகுந்து, பெருகி, மறுபடி புகுந்து 'கூஊஊ' என்று ஊளையிடும். உங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் இதைக் கேட்டிருப்பீர்கள்! இசையமைப்பாளரும் உதவ வேண்டும். கிதார் மூச்சுவிடும் இடத்தில் வயலின்களை எழுப்பலாம்; அல்லது ஓரிரு ஸ்தாயி மேலே ஏற்றிவிடலாம். ஏலக்காரரின் வித்தைதான்.

கண்ணை நம்பு

உரப்புச் சிக்கல் தீர்ந்தாலும் நேரச் சிக்கல் தீராது. காசிமேட்டில் படகு பழுதுபார்க்கும் இடத்தில், தூரத்தில் ஒருவர் ஆணி அடிப்பதைக் கவனியுங்கள். சுத்தியல் விழுந்த பிறகே சத்தம் வரும். 170 மீட்டர் தூரம் என்றால் அரை நொடி தாமதம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதே காரணம்.

மேடையின் ஒரு கோடியில் டிரம்ஸ். 17 மீட்டர் தள்ளி மறு கோடியில் ஒரு செல்லோ. ஒலி போய்ச்சேர நொடியில் 20-இல் ஒரு பங்கு ஆகும். இது அற்பமா? நிமிடத்துக்கு 180 தாளம் ஓடும் பாட்டில் ஒரு தாளத்துக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. அதை நான்காகப் பிரித்து வாசித்தால் ஒவ்வோர் அடிக்கும் 12-இல் ஒரு பங்கு. டிரம்ஸைக் காதால் கேட்டு வாசிக்கும் செல்லோக்காரர் அரை அடிக்கு மேல் பின்தங்கிவிடுவார். அவர் வாசித்த ஒலி திரும்பிப் போக இன்னொரு தாமதம் வேறு. ஆகவே சிம்பொனிக் கலைஞர்கள் நடத்துநரின் கைக்கோலைக் கண்ணால் பார்த்து வாசிக்கிறார்கள். ஒளிக்குத் தாமதம் இல்லை. ராக் குழுவினருக்கோ டிரம்ஸ்தான் எசமான். கண்ணால் வாழ்பவரும் காதால் வாழ்பவரும் ஒத்துப்போக, டிரம்ஸ்காரரும் நடத்துநரும் ஒருவரையொருவர் கவனித்தாக வேண்டும். தாளத்தை மின்கம்பி வழியாகவோ வானொலி அலையாகவோ காதுக்குள் கொண்டுவரும் சிறு கருவிகளும் இப்போது உதவுகின்றன.

நம் ஊர்க் கணக்கு வேறு

சென்னையில் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய குழு இது. பெயருக்கு அடிப்படை, அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்து. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடப்பட்ட கானா, இந்த மேடையில் மின்கிதாரோடும் டிரம்ஸோடும் நின்றது. பறையும் சட்டியும் கட்டமோளமும் உடன் முழங்கின.

இங்கே ஒலிக்கணக்கு தலைகீழாகிறது. வயலினும் செல்லோவும் மூடிய அரங்குக்காக வளர்ந்த கருவிகள். பறை தெருவுக்காகப் பிறந்தது. மைக் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஊர் முழுவதற்கும் செய்தி சொன்னது. கிதார் பெருக்கியைக் கண்டு அது அஞ்ச வேண்டியதில்லை. பாதுகாப்பு தேவைப்படுவது பாடுபவரின் குரலுக்கே. மற்றபடி பறைக்கு ஒரே பகைவன் கடற்காற்றுதான். ஈரத்தை உறிஞ்சித் தோல் தளர்ந்தால் சுருதி இறங்கும். தீயில் காய்ச்சினால் ஈரம் போய், இழுவிசை கூடி, சுருதி ஏறும். அயோமி தந்தியைத் தளர்த்திச் செய்ததற்கு நேர் எதிரான வேலை, விதி ஒன்றேதான்.

காது திரும்ப முளைக்காது

இனி உங்கள் காதைப் பற்றிப் பேச வேண்டும். உட்காதில் நத்தைக்கூடு போன்ற ஒரு சுருள் உண்டு. அதில் பிறவியிலேயே ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் அமைந்துள்ளன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. பேரொலியில் இவை புயலில் சிக்கிய நாணல் போல் வளைகின்றன. சில எழுந்து நிற்கும், சில மடியும். பறவைகளுக்கு இவை மீண்டும் முளைக்கும், மனிதனுக்கு முளைப்பதில்லை. முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பகுதி. அதனால் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. பேச்சு கேட்கும், ஆனால் 'ஸ', 'ஷ' போன்ற மெல்லிய ஒலிகள் கலங்கித் தெரியும். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும்போது காதில் 'ஙொய்' என்று ரீங்காரம் கேட்டால், செல்கள் அடி வாங்கியிருக்கின்றன என்று அறியுங்கள். எஞ்சின் அறையில் நாள் முழுவதும் நிற்கும் படகுத் தொழிலாளிக்கு இந்த அடி தவணை முறையில் விழுகிறது.

85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது தொழிலக ஒலிக்காகப் பல வல்லுநர்கள் ஏற்றுள்ள வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்! சிம்பொனிக் கலைஞர்கள் பலர் காதடைப்பானோடு வாசிப்பது இதனால்தான்.

செய்து பாருங்கள்: ஒலியளவு காட்டும் செயலி உள்ள கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த மைதானத்தில் ஒரே ஒரு சிறு ஒலிபெருக்கிப் பெட்டியை மிதமான ஒலியில் ஒரே சீராக இரையச் செய்யுங்கள். 1 மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர் தூரங்களில் அளவைக் குறியுங்கள். எதிர்மடி விதிப்படி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறைய வேண்டும். சுவர் அருகில் இருந்தால் இவ்வளவு குறையாது; ஏன் என்று யோசியுங்கள். அப்படியே இந்தக் கணக்கையும் போடுங்கள்: திருவிழாவில் இதுபோன்ற ஒரு பெட்டியிலிருந்து 1 மீட்டரில் 100 டெசிபல் வருகிறது. அங்கே நிற்பவருக்குக் கால் மணி நேரம். 4 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 88 டெசிபல். 4 மணி நேரம்.