ஓடட்டும், விடுங்கள்!

"ஓடாதே! விழுந்து விடுவாய்! சும்மா ஓர் இடத்தில் உட்கார்!"

3 வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் சத்தம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறது? எண்ணிப் பாருங்கள். மாடியில் குடி இருந்தால் கேட்கவே வேண்டாம். கீழ் வீட்டுக்காரர் கோபித்துக் கொள்வாரே என்ற பயம் வேறு! கடைசியில் குழந்தையின் கைக்கு செல்போன் வந்து சேருகிறது. வீடு அமைதியாகி விடுகிறது.

அந்த அமைதி நல்லதல்ல என்கிறார்கள், டாக்டர்கள்.

3 மணி நேரம்

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டில் ஒரு கணக்குச் சொன்னது. 3, 4 வயதுக் குழந்தை தினமும் 180 நிமிடமாவது ஆடி ஓடித் திரிய வேண்டும். அதாவது 3 மணி நேரம்! அதில் 60 நிமிடம், மூச்சு வாங்கும்படி ஓட வேண்டும். ஒரேயடியாக அல்ல. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இருக்கலாம்.

செல்போன், டெலிவிஷன் எல்லாம் சேர்த்து 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம்.

பெண் குழந்தைக்கும் இதே கணக்குதான். "பொம்பளைப் பிள்ளை அடக்கமாக இரு" என்பதை இந்த வயதிலேயே ஆரம்பிக்க வேண்டாம்.

தச்சர் செய்த வண்டி

நடைவண்டி ஞாபகம் இருக்கிறதா? 3 சக்கரம் வைத்த மர வண்டி. குழந்தை பின்னால் நின்று தள்ளும். உடம்பின் பாரம் அதன் காலிலேயே இருக்கும். தொப்பென்று விழும், எழுந்து மறுபடியும் தள்ளும்.

இப்போது கடையில் விற்கும் 'வாக்கர்' அப்படி அல்ல. குழந்தை அதன் நடுவே உட்கார்ந்து, கால் நுனியால் உந்துகிறது. வேகமாக உருண்டு போய், படிக்கட்டில் விழுந்து, தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம். நடை வருவதும் தாமதமாகலாம். கனடா நாட்டில் 2004-ம் ஆண்டு அதை விற்கவே தடை போட்டு விட்டார்கள்!

பழையது எல்லாம் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால், இந்த ஒரு விஷயத்தில் ஜெயித்தவர் நம் ஊர்த் தச்சர்தான்.

இடம் இல்லையா?

தலையணைகளைத் தரையில் போட்டுத் தாண்டச் சொல்லுங்கள். கண்ணாமூச்சி ஆடுங்கள். துணி காயப்போடும்போது கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வரச் சொல்லுங்கள். அதற்கே பத்து நடை ஓடும்!

கீழ் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "மாலை 5 மணி முதல் 6 மணி வரை கொஞ்சம் சத்தம் இருக்கும், அய்யா. பொறுத்துக் கொள்ளுங்கள்."