வெள்ளிக்கிழமைக் கூட்டமும் ஊர்ப் பள்ளியும்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் வகுப்புகள் முடியும் வேளையில், பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. பிள்ளைகளின் பெற்றோர், தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், ஊர் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருவர் என எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். பேசியது தீர்மானமாகப் புத்தகத்தில் ஏறும். பெற்றோருக்கான கைபேசிச் செயலியிலும் பதிவாகும். வார்டு உறுப்பினரோ கவுன்சிலரோ அந்த மாதம் பள்ளிக்காக என்ன செய்தார் என்று நேருக்கு நேர் கேட்பதற்கு இதைவிட எளிய இடம் வேறு இல்லை.

குழுவுக்கு அடித்தளம் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தாலும், பல ஊர்களில் குழு வெறும் கையெழுத்தாகவே இருந்தது. 2022இல் மாநிலம் முழுவதும் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. தலைவர் பொறுப்பு தாய்மார்களுக்கு வந்தது. 2024 மறுசீரமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து குழு 24 பேராக விரிந்தது.

பள்ளியை ஊரின் பொறுப்பாக்கும் இந்த எண்ணம் செங்கல்பட்டுச் சீமைக்குப் புதிதல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராகப் பணியாற்றிய நெ. து. சுந்தரவடிவேலு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் திறக்க அரசிடம் பணம் இருந்தது; திறந்த பள்ளிக்கு மேசை, நாற்காலி, கரும்பலகை, வேலி, கிணறு என்று தேடித் தருவதற்குப் போதவில்லை. அந்தக் குறையை ஊராரிடமே கொண்டுபோனார் அவர். பள்ளிவாரியாக என்னென்ன வேண்டும் என்று முதலில் பட்டியல் எடுக்கப்பட்டது. பிறகு வட்டாரத்துப் பள்ளிகளெல்லாம் சேர்ந்து மாநாடு கூட்டின. யார் எதைத் தருகிறார் என்பது அந்த மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று பெயர் பெற்ற இந்த இயக்கம் 1958இல் கடம்பத்தூரில் தொடங்கியது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. காமராசர் ஊர் ஊராக இந்த மாநாடுகளுக்குப் போனார்.

நன்கொடையாக வந்தவற்றில் நிலமும் கட்டடமும் இருந்தன. சுவர்க் கடிகாரமும் பெஞ்சும் சீருடைத் துணியும் இருந்தன. பெரிய மனிதர் தந்த கட்டடத்தைவிட, ஒரு பெஞ்சுக்குப் பணம் தந்த சிறு குடியானவரே இயக்கத்தின் உயிர் என்று சொல்ல வேண்டும். அந்த பெஞ்சில் யார் பிள்ளை உட்காருகிறது, அது உடைந்தால் யார் சரிசெய்வது என்று கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. பகல் உணவுத் திட்டத்திலும் இதே கணக்குதான். ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு ஆன 10 காசில் 6 காசு அரசுடையது. மிச்சம் 4 காசை ஊர்க்குழு திரட்டியது. இன்றைய காலை உணவுத் திட்டம் முழுவதும் அரசுச் செலவில் நடக்கிறது. அது சரியானதே. பசியாற்றும் செலவை ஏழை ஊரின் தோளில் வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் கேட்கும் உரிமையை ஊர் அதோடு சேர்த்து விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டில், ஊரகப் பகுதிகளுக்கான உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னம் இல்லாமல் போட்டியிடுபவர்கள். இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. இவர்களின் அதிகாரம் எவ்வளவு என்பதில் மக்களிடம் ஒரு குழப்பம் நிலவுகிறது. ஆசிரியரை நியமிப்பதோ மாற்றுவதோ இவர்கள் கையில் இல்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் முதலே அரசு ஊழியர்கள். பாடத்திட்டமும் இவர்களுடையது அல்ல. குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக்குப் போகும் பாதை, சுற்றுச்சுவர், கழிப்பறைத் துப்புரவு ஆகியவையே இவர்களால் ஆகக்கூடியவை. சின்ன விஷயங்களாகத் தோன்றும். கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளிக்கு வளரிளம் பெண்பிள்ளையை அனுப்பும் தாயைக் கேட்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இதைவிட முக்கியமான ஒரு கடமை கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இருக்கிறது. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளின் பதிவேட்டையும் உள்ளாட்சி அமைப்பு பராமரிக்க வேண்டும். பிழைப்புக்காக இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் சேர்வதை உறுதிசெய்ய வேண்டும். பிள்ளையின் கல்வி உரிமை பற்றிய எழுத்துவழிப் புகாரை வாங்கி 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 32ஆம் பிரிவு அதே அமைப்பைப் பணிக்கிறது. இந்தப் பிரிவுகள் மற்ற ஊர்களில் எப்படியோ, செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கரையோரத்தில் அன்றாடத் தேவை.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலை ஒட்டி மீனவர் குப்பங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் விசைப்படகு வேலையை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது. பள்ளி திறப்பதும் அந்த நெருக்கடியின் கடைசியில்தான். கரையிலிருந்து உள்ளே வந்தால் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் இருளர் குடியிருப்புகள். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகும் வழக்கம் அவர்களிடையே இன்னும் இருக்கிறது. மழை ஓய்ந்ததும் கிளம்பினால் கோடை முடியும்போதே திரும்புவார்கள். நடுவில் மூன்றாம் பருவப் பாடம் முழுக்கப் போய்விடும். வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளை ‘நீண்ட நாள் வராதவர்’. எந்தச் சூளைக்குப் போயிருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதே தெருவில் இருக்கும் வார்டு உறுப்பினருக்குத் தெரியாமல் இருக்காது. மாதக் கூட்டத்தில் அந்தப் பெயர் சொல்லப்பட்டால், சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வழி பிறக்கும். பிறப்புச் சான்றோ மாற்றுச் சான்றோ இல்லை என்று சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை.

சாதிச் சான்று இன்னொரு சிக்கல். பழங்குடியினருக்கான சான்றை வட்டாட்சியர் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியரே தர வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுச் செங்கல்பட்டுக்குப் பலமுறை அலைய முடியாதவர்களின் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் விடுதி இடமும் கைக்கு எட்டாமலே போகும். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு 2021 தீபாவளி நாளில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் நேரில் வந்து இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றும் வழங்கினார். கோயில் அன்னதானத்தில் தங்களை ஒதுக்கியதை நரிக்குறவர் பெண் ஒருவர் துணிந்து கேட்ட பிறகு நடந்தது அது. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முதலமைச்சர் வந்துதான் கிடைக்க வேண்டிய சான்று அல்ல இது. எந்தெந்தப் பிள்ளைக்குச் சான்று இல்லை என்ற பட்டியலை மேலாண்மைக் குழு தீர்மானமாக்கிக் கோட்டாட்சியருக்கு அனுப்பினாலே பாதி வேலை முடியும்.

பணம் பல வழிகளில் வருகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஆண்டு மானியம் உண்டு. கட்டடங்களுக்குப் பேராசிரியர் அன்பழகன் பெயரில் 5 ஆண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியும் வகுப்பறைக்கு உதவும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் நன்கொடை தருவதற்கு 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ தொடங்கப்பட்டது. கடம்பத்தூர் மேடையின் தொடர்ச்சி என்றே அதைச் சொல்லலாம். ஓட்டல்களும் விடுதிகளும் நிறைந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொடுக்க வசதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்ணம் அடித்துத் தர முன்வரும்போது, முதலில் தேவை கழிப்பறைக்குக் குழாய் என்று சொல்லத் தெரிந்த குழு வேண்டும்.

கூட்டத்தில் எழுதிய தீர்மானம் அங்கேயே நின்றுவிடாமல் மேலே போவதற்குக் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் குடியரசு நாள், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என ஆண்டுக்கு 6 முறை அது கூடுகிறது. நகரங்களில் அந்த இடத்தைப் பகுதி சபைகள் நிரப்புகின்றன. 2022 நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சர் ஸ்டாலின் கலந்துகொண்டார். சபை நடக்கும்போது மேலாண்மைக் குழுத் தலைவரான தாய் தீர்மானப் புத்தகத்தோடு வந்து, கடந்த மாதங்களில் கேட்டவை எவை, நடந்தவை எவை, நடக்காதவை எவை என்று தேதியோடு வாசித்தால், ஊராட்சித் தலைவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலும் கிராம சபையின் பதிவேட்டில் ஏறும்.